கண் விழித்த பிறகுதான் பாதி வேலை

ரிஷிவந்தியம் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, கரும்பு என்று வெள்ளாமை நடக்கிற ஊர்கள். பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். மனம் உடைந்த யாரேனும் அதைக் குடித்துவிட்டால், 108 வண்டி கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரையும். 2022 ஜனவரியில் அந்தக் கல்லூரி திறக்கப்படும் முன்பு, மேல்சிகிச்சை என்றால் முண்டியம்பாக்கம், ஜிப்மர் மருத்துவமனைகள் என்று தொலைதூரம் போக வேண்டியிருந்தது.

பிழைத்தவர் கண் விழித்து இட்லி சாப்பிட ஆரம்பித்ததும், "எப்ப சிஸ்டர் வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று உறவினர் கேட்கிறார்கள். அவசரப்படக் கூடாது. சில பூச்சிமருந்துகள், ஆள் தெளிந்துவிட்டதுபோலத் தெரிந்த பிறகும் முதல் நாலு நாளுக்குள் கழுத்துத் தசையையும் மூச்சுத் தசையையும் தளரவைக்கும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி நர்ஸ் அடிக்கடி பார்ப்பது இதற்காகத்தான். அதோடு, சாகலாம் என்று தோன்றவைத்த காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் இவருக்கு நர்ஸ் மேசைக்குப் பக்கத்திலேயே கட்டில். பையில் மாத்திரை, கூர்மையான பொருள் எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கழிவறைக்குப் போனால் உள்தாழ்ப்பாள் போட விடமாட்டார்கள். சேர்த்துவைக்காமலிருக்க, மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் சொல்வார்கள். கவனம் நழுவ எளிதான நேரங்கள் சில உண்டு: டியூட்டி மாறும்போது, பார்வையாளர் கூட்டத்தில், விடியற்காலையில். வேலை முடிந்து போகிற சிஸ்டர் வருகிற சிஸ்டரிடம் இவரைப் பற்றித் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அரசு வார்டில் ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்ப்பார்? கூட இருக்கும் உறவினர்தான் இன்னொரு கண். டீ குடிக்கப் போவதானாலும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, வேறொருவரை உட்காரவைத்துவிட்டுப் போங்கள். அழுதுகொண்டிருந்தவர் திடீரென்று ரொம்ப அமைதியானால் நிம்மதிப்பட்டு விட்டுவிடாதீர்கள், அதையும் சொல்லுங்கள்.

"குடும்ப மானத்த வாங்கிட்டியே" என்று கட்டிலருகே திட்டுகிறவரை நல்ல நர்ஸ் வெளியே அனுப்பிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு இப்பவும் தோணுதாம்மா?" என்று நேராகக் கேட்பார். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. கேட்கத்தான் வேண்டும்.

போலீசுக்குப் பயந்து "தெரியாம குடிச்சிட்டாரு" என்று மறைப்பதும் உண்டு. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுக்கும், உண்மைதான். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் இல்லை. மறைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்: மனநல மருத்துவரை அழைக்காமலே அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் தற்கொலைக்கு முயன்று அவசரச் சிகிச்சைக்கு வந்த 1,867 பேரைத் தொடர்ந்தது. ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். புது மருந்து எதுவும் தரவில்லை, விசாரித்தார்கள், அவ்வளவுதான். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த முறை வர வேண்டிய தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

வீடு திரும்பும் முன் பூச்சிமருந்தை அங்கிருந்து அகற்றிவிட வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பு ஊருக்குப் பொதுவான பெட்டகம் வைத்து, விவசாயிகள் அதில் மருந்தைப் பூட்டிவைக்க ஏற்பாடு செய்தது. அது இல்லாத ஊரில், வேறொருவர் வீட்டில் பூட்டிவைக்கலாம்.

பேச ஆள் வேண்டுமென்றால் 104, 14416 (டெலி மானஸ்), சிநேகா 044-24640050.