குஞ்சு ஏன் சோர்ந்து நிற்கிறது? நோய்க்கான காரணத்தை இனங்காணல்

மாணவர்களே,

விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் பாடத்தில் கோழி வளர்ப்பு அலகைக் கற்கும்போது நோய்களின் அட்டவணையை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். இப்போது ஒரு வினாவைப் பாருங்கள். "நான்கு வார வயதுடைய குஞ்சுகள் சில இறக்கைகளைத் தொங்கவிட்டு, கண்களை மூடியவாறு கூட்டின் ஓரத்தில் நிற்கின்றன. இதற்கான காரணம் யாது?" வகுப்பில் இதைக் கேட்டால் அநேகமானோர் "இராணிகெட்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றனர். வினாவில் கழிச்சலைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லையே என்பதைக் கவனிப்பதில்லை.

இறக்கை தொங்குதல், இறகு சிலிர்த்தல், தீன் எடுக்காமை, தூங்கி நிற்றல் ஆகியன எந்த நோய்க்கும் உரிய சிறப்பு அறிகுறிகள் அல்ல. குளிரால் வாடும் குஞ்சும் அப்படித்தான் நிற்கும். பட்டினி கிடக்கும் குஞ்சும் அப்படித்தான். வைரசு தாக்கிய குஞ்சும் அப்படியே. ஆகவே சோர்வை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. வயது, எச்சம், கூடு, தீன் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தே காரணத்தை நெருங்கவேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் ஹந்தானைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கண்டி நகருக்கு வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், பிஸ்கட் பெட்டியொன்றில் குஞ்சு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். "சேர், இதுக்கு என்ன சீக்குன்னு பாத்துச் சொல்லுங்க. ஆறு செத்துப் போச்சு, அம்மா ராவெல்லாம் அழுவுறாங்க" என்றார். சீட்டுக் காசில் அவருடைய தாயார் வாங்கிய இருபத்தைந்து குஞ்சுகள் அவை. நான் கலைப் பட்டதாரி, மிருக வைத்தியன் அல்லன். ஆயினும் கேள்வி கேட்கத் தெரியும் என்பதால் கேட்டேன்.

வயது என்ன? நான்கு வாரம். எல்லாம் ஒரே நாளில் சோர்ந்தனவா? இல்லை, மூன்று நாட்களாக ஒவ்வொன்றாக. மூச்சு இழுக்கின்றனவா, கழுத்து திரும்புகிறதா? இல்லை. எச்சம் எப்படி? அவர் சற்றுத் தயங்கி, "செவப்பாக் கெடக்கு சேர்" என்றார். தண்ணீர்ப் பாத்திரம் எங்கே இருக்கிறது? கூட்டின் நடுவில், அதைச் சுற்றி மரத்தூள் எப்போதும் நனைந்தே இருக்கும். மருந்து ஏதும் கொடுத்தீர்களா? வீட்டில் எஞ்சியிருந்த மனிதருக்கான நுண்ணுயிர்கொல்லி கப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பதில்களில் விடை ஏறத்தாழக் கிடைத்துவிட்டது. மூன்று முதல் ஆறு வார வயது, ஈரக்கூளம், குருதி கலந்த எச்சம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் முதலில் ஐயுற வேண்டியது கொக்சிடியோசிஸ், அதாவது குருதிக் கழிச்சல். அன்று மாலையே குஞ்சையும் அன்று காலை இறந்த இன்னொன்றையும் மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றார்கள். இறந்ததை வெட்டிப் பார்த்தபோது இரு குருட்டுக்குடல்களும் குருதியால் நிறைந்து வீங்கியிருந்தன. மருந்து கொடுத்து, கூளத்தை மாற்றிய பின்பும் மேலும் இரண்டு இறந்தன. மிகுதிப் பதினேழும் தப்பின.

இந்நோயைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இதன் காரணி பற்றீரியாவும் அன்று, வைரசும் அன்று. ஐமேரியா என்னும் புரொட்டோசோவாவே காரணி. கோழியைத் தாக்கும் ஐமேரியா இனங்கள் பலவுண்டு. அவற்றுள் ஐமேரியா தெனெல்லா குருட்டுக்குடலைத் தாக்கிக் குருதிப் பெருக்கை உண்டாக்கும். நோயுற்ற குஞ்சின் எச்சத்துடன் ஊசிஸ்ட் எனப்படும் தடித்த உறையுள்ள நிலை வெளியேறும். வெளியேறிய உடனே அது நோயைத் தொற்றச் செய்யாது. ஈரம், வெப்பம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் முதிர்ந்து தொற்றும் தன்மை பெறும். பின்னர் கூளத்தைக் கொத்தும் குஞ்சின் வயிற்றுக்குள் சென்று குடற்சுவர்க் கலங்களில் பெருகி அவற்றை உடைக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியிருந்த அந்த நனைந்த மரத்தூளே ஊசிஸ்ட்டுகள் முதிரும் இடம். சாதாரண தொற்றுநீக்கித் திரவங்கள் பலவற்றுக்கு ஊசிஸ்ட் அசையாது என்பதால், கூளத்தை உலர்வாக வைத்திருப்பதே முதன்மையான கட்டுப்பாட்டு முறையாகும். பாத்திரத்தைக் கம்பி வலை பொருத்திய மரச்சட்டத்தின்மீது வைத்தால் சிந்தும் நீர் கூளத்தில் சேராது.

எச்சத்தைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. ஆரோக்கியமான கோழியும் இடையிடையே கபில நிறமான, பசைபோன்ற எச்சமிடும். அது குருட்டுக்குடலில் இருந்து வருவது, நோயன்று. எச்சத்தின் மேலே காணப்படும் வெண்ணிறப் பகுதி யூரிக்கமிலம். அதைக் கண்டு வெள்ளைக் கழிச்சல் என்று எழுதாதீர்கள்.

அந்தக் குஞ்சுகளின் வயது நான்கு வாரமாக இல்லாமல் நான்கு நாளாக இருந்திருந்தால் நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது விளக்கைப் பற்றி. பொரித்த குஞ்சின் வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கரு இரண்டு மூன்று நாட்களுக்கு உணவாகும். ஆனால் உடல் வெப்பநிலையைத் தானாகப் பேணும் ஆற்றல் அதற்கு அப்போது இல்லை. முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் மட்டத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பநிலை தேவை. பின்னர் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைக்கலாம். கொழும்பில் வளர்ப்பவருக்கு ஒரு மின்குமிழ் போதியதாகலாம். கண்டியில், அதிலும் மார்கழி, தை மாத இரவுகளில், அதே மின்குமிழ் போதாது. வெப்பமானியின்றியும் இதை அறியலாம். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கத்தினால் குளிர். விளக்கைவிட்டு விலகி வாய் திறந்து மூச்சுவிட்டால் வெப்பம் அதிகம். ஒரு பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் காற்று வருகிறது. பரவலாகத் திரிந்தால் சரி.

குளிர்ந்த குஞ்சின் கழிவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருப்பதுண்டு. புலோரம் என்னும் பற்றீரிய நோயிலும் அவ்வாறே காணப்படும். இது தாய்க்கோழியின் முட்டையூடாகவே குஞ்சுக்குக் கடத்தப்படும் நோயாதலால், வெப்பத்தைச் சீராக்கிய பின்பும் முதல் இரு வாரங்களில் வெள்ளைக் கழிச்சலுடன் தொடர்ந்து இறப்பு ஏற்பட்டால் குஞ்சு வாங்கிய இடத்தையும் விசாரிக்க வேண்டும்.

இராணிகெட்டை எழுதக் கூடாதென்று நான் சொல்லவில்லை. மூச்சுத் திணறல், பச்சை நிறக் கழிச்சல், கழுத்து முறுகுதல், கால் இறக்கை வாதம், எல்லா வயதுக் கோழிகளும் சில நாட்களுக்குள் இறத்தல் ஆகியன தரப்பட்டால் தயங்காமல் எழுதுங்கள். 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஆண்டு இந்தியாவின் மலைநகரான ராணிகெத்திலும் கண்டறியப்பட்டதால் இந்த ஒரே வைரசு நோய்க்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. இதற்குச் சிகிச்சை இல்லை. தடுப்பு மருந்து உண்டு. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் இளங்கோழி எனின் மரெக்ஸ் நோயை ஐயுறுக. அதுவும் வைரசு நோயே. அதற்கான தடுப்பூசி குஞ்சு பொரித்த நாளிலேயே இடப்படும்.

இனி, பலர் மறந்துவிடும் காரணம்: தீன். குஞ்சு வலுவிழந்தால் கிருமியைத் தேடுவது நம் வழக்கம். பெரிய விஞ்ஞானி ஒருவரும் அவ்வாறே தேடினார். பெரிபெரி நோயை ஆராய்வதற்காக 1886 இல் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, வந்த ஒல்லாந்து மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் அந்நோய் ஒரு பற்றீரியாவால் வருவதென நம்பினார். நோயாளியின் குருதியைக் கோழிகளுக்கு ஏற்றினார். கோழிகளின் கால்கள் தளர்ந்து, நிற்கமுடியாமல் விழுந்தன. ஆனால் குருதி ஏற்றாத கட்டுப்பாட்டுக் கோழிகளும் விழுந்தன! வேறிடத்தில் வைத்த கோழிகளும் விழுந்தன. பின்னர் திடீரென யாவும் தாமாகவே குணமடைந்தன.

விசாரித்தபோது உண்மை தெரியவந்தது. ஜூன் மாதம் முதல் நவம்பர் வரை, கோழிகளுக்குப் பொறுப்பானவர் இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் எஞ்சிய, தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றையே அவற்றுக்குக் கொடுத்துவந்தார். புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி கிடைத்ததும் கோழிகள் எழுந்து நடந்தன. அந்தச் சமையற்காரரின் கஞ்சத்தனத்துக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் எய்க்மன் காரணத்தை முற்றாகச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சோற்றில் ஒரு நஞ்சு உண்டென்றும் தவிட்டில் அதற்கு மாற்று உண்டென்றும் கருதினார். உணவில் அவசியமான ஒரு பொருள் இல்லாமையே காரணம் என 1901 இல் விளக்கியவர் அவருக்குப் பின் அங்கு பணியாற்றிய கெரிற் கிரைன்ஸ். அப்பொருளே விற்றமின் பீ1, அதாவது தயமின். எய்க்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் வீடுகளில் குஞ்சுகளுக்கு மிஞ்சிய வெள்ளைச் சோற்றை மட்டும் போடுவோர் இன்றும் உள்ளனர். அடைத்து வளர்க்கும் குஞ்சுக்குப் புழு, பூச்சி, பசுந்தழை எதுவும் கிடையாது. தயமின் குறைந்த குஞ்சு தலையைப் பின்னோக்கி வளைத்து வானத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். விற்றமின் பீ2 குறைந்தால் கால்விரல்கள் உள்நோக்கிச் சுருளும். இவற்றுக்கும் வாத நோய்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறியத் தீன் பாத்திரத்தைப் பார்த்தாலே போதும்.

இவ்விடத்தில் ஒரு சுவையான தொடர்பு உண்டு. கொக்சிடியோசிசுக்குக் கொடுக்கப்படும் அம்புரோலியம் என்னும் மருந்தின் மூலக்கூறு தயமினை ஒத்தது. ஐமேரியா தயமினை உள்ளெடுப்பதை அது தடுப்பதால் ஒட்டுண்ணி பெருக முடியாமற் போகிறது. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் குஞ்சுக்கே தயமின் குறைபாடு ஏற்படும். "கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் சுகமாகும்" என்ற எண்ணம் இங்கு ஆபத்தானது. மருந்தின் அளவை மிருக வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

கண்டியில் இருப்போருக்கு ஒரு வசதி உண்டு. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் பேராதனை கெட்டம்பேயிலும், மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் கன்னொறுவையிலும், பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் பேராதனையிலும் அமைந்துள்ளன. முதலில் உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தை நாடுங்கள். இறந்த குஞ்சைப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்வதாயின் இரு பொலித்தீன் பைகளில் இட்டு, பனிக்கட்டியுடன் அன்றே கொண்டுசெல்ல வேண்டும். உறைய வைத்தால் இழையங்கள் சிதையும். நீங்களாக வெட்டிப் பார்க்க வேண்டாம். குறிப்பாக, பல கோழிகள் திடீரென ஒன்றாக இறந்தால் அவற்றைத் தொடாமல் உடனே அறிவியுங்கள். பறவைக் காய்ச்சல் போன்றவை மனிதருக்கும் தொற்றலாம். எப்போதும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

பயிற்சி வினா

ஒருவர் வளர்த்த ஐந்து வாரக் குஞ்சுகள் முப்பதில் எட்டு, இரு நாட்களுள் சோர்வடைந்தன. எச்சத்தில் குருதி காணப்பட்டது. கூளம் ஈரமாக இருந்தது. அவர் நுண்ணுயிர்கொல்லி ஒன்றை வாங்கிக் கொடுத்தார், பலனில்லை.

(அ) ஐயுறத்தக்க நோயையும் அதன் காரணியின் வகையையும் குறிப்பிடுக.
(ஆ) உமது முடிவுக்கு ஆதாரமான மூன்று தகவல்களை வினாவிலிருந்து எடுத்தெழுதுக.
(இ) அவர் கொடுத்த மருந்து பலனளிக்காமைக்கான காரணத்தை விளக்குக.
(ஈ) நோய் மேலும் பரவாதிருக்கக் கூளம் தொடர்பாக அவர் செய்ய வேண்டியவை இரண்டு தருக.

விடைக் குறிப்பு: (ஆ) பகுதியில் "சோர்வு" என்று எழுதினால் அதற்குப் புள்ளி எதிர்பார்க்க வேண்டாம். வயது, குருதி கலந்த எச்சம், ஈரக்கூளம் ஆகியவற்றை எழுதுக. (இ) பகுதிக்கு, காரணி புரொட்டோசோவா என்பதையும் பற்றீரியாவுக்கு எதிரான மருந்துகள் பல அதனைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதையும் தொடர்புபடுத்தி எழுதுக.