நாழியும் சிசியும்

நாழி என்னும் சொல் வாளையாற்றுக்குக் கிழக்கே ஓர் அளவையும், மேற்கே வேறோர் அளவையும் குறித்து வந்தது. தமிழ்நாட்டுப் பழங்கணக்கில் எட்டு ஆழாக்குக் கொண்ட படிக்கே நாழி என்று பெயர். கேரளத்திலோ நான்கு நாழி சேர்ந்தால்தான் ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. ஆதலின், சித்தூர்ப் பகுதியில் குடியேறிய நம்மவர் நெல் அளக்குமுன் "எந்த நாழி?" என்று கேட்டுக்கொள்வதே நலம். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது வேறு வழக்கு!

1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைகளுக்கு வழி வகுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு சென்டிமீட்டராக உள்ள சிறு பெட்டியின் கொள்ளளவே கன சென்டிமீட்டர், பேச்சில் சிசி. இத்தகைய ஆயிரம் கொண்டது ஒரு லிட்டர். எனவே ஊசிமருந்தின் 5 சிசியும் பாலின் 5 மில்லிலிட்டரும் ஒன்றே. 1964-க்கு முன்பிருந்த இலக்கணப்படி இவற்றிடையே இம்மியளவு வேற்றுமை இருந்தது. பால்காரருக்கு அது பொருட்டன்று.

மோட்டார் சைக்கிளை விலை பேசும்போதும் இதே சிசி வருகிறது. சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய என்பீல்டு புல்லட் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 38.5 சதுர சென்டிமீட்டர். அதை 9 சென்டிமீட்டரால் பெருக்கினால் 346 சிசி. இது பெட்ரோல் கொள்ளும் அளவு என்று எண்ணுவோர் பலர். அன்று; பிஸ்டன் கடந்து செல்லும் இடத்தின் அளவே இது.

பிஸ்டன் உச்சிக்கு வந்த பின்னும், மேலே ஹெட்டில் சிறிது இடம் எஞ்சுகிறது. அது 57.7 சிசி என்று கொள்வோம். மொத்தம் 403.7 சிசி கலவை 57.7-க்குள் நெருக்கப்படுவதால் அழுத்த விகிதம் 7. ஹெட்டின் அடியை 1 மில்லிமீட்டர் இழைத்துவிட்டால், குழியின் வாயும் 70 மில்லிமீட்டராயின், 3.85 சிசி குறைந்துவிடும், விகிதம் 7.4 ஆகும். பார்வைக்கு அற்பம், எஞ்சினுக்கு அற்பமன்று.

போடியிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, மூணாறு செல்வோர் இதைக் கருத வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, இழுவையும் குறைகிறது. அதற்காக ஹெட்டை இழைக்கச் சொன்னால் மலையில் பயன் தெரியலாம். ஆனால் அதே வண்டி சுமையோடு போடியின் வெயிலுக்கு இறங்கி வரும்போது, அடர்ந்த காற்றில் கலவை காலமல்லாக் காலத்தில் வெடித்துக் கணகணவென்று தட்டும். நாளடைவில் பிஸ்டனே ஓட்டையாகக்கூடும்.

இழைக்குமுன் குழியை அளந்துவிடலாம். கரியைச் சுரண்டி, வால்வுகளை மூடி, பிளக்கைப் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். துளையிட்ட கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி வாயில் ஒட்டி, கோடிட்ட பியூரெட் குழாயிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காற்றுக்குமிழி தங்கலாகாது. குழாயில் எண்ணெயின் வளைந்த அடிமட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் படிக்க வேண்டும். இங்கே குவித்தளக்கும் பேச்சில்லை. கேஸ்கட்டின் தடிப்பையும் பிஸ்டன் தலையின் மேடுபள்ளத்தையும் கூட்டிக் கழித்தால் உண்மை அளவு கிடைக்கும். பட்டறையில் எத்தனை மில்லிமீட்டர் இழைத்தார்கள் என்பதை வண்டிப் புத்தகத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இழைப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.