அடித்தவர் யார் என்னும் வினா
(காப்பகத்தில் காயமுறும் மழலையும் பெற்றோர் கடமையும்)

தமிழ்த் தாய்மாரின் தாலாட்டுகளில் ஒரு வினா திரும்பத் திரும்ப ஒலிக்கக் காண்கிறோம். அழும் குழந்தையை நோக்கி, உன்னை அடித்தவர் யார் என்று தாய் வினவுவாள். அத்தை, மாமன், பாட்டி என உறவினர் ஒவ்வொருவராக அவளது ஐயத்திற்கு ஆளாவர். ஆனால் அவர்கள் கையில் இருந்ததாகத் தாய் கூறுவது பூச்செண்டே அன்றிப் பிரம்பன்று. அடியும் மெய்யன்று, குற்றச்சாட்டும் மெய்யன்று. சுற்றியிருப்போர் அனைவரும் உறவினராய் இருந்த வீட்டில் பிறந்த செல்லமான வினா அது.

இன்று அதே வினா மெய்யான வினாவாக மாறி வருகிறது. மாலையில் காப்பகத்திலிருந்து அழைத்து வந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது, தொடையில் ஒரு கன்றல் தென்படுகிறது. காதோரம் நகக்கீறல் தெரிகிறது. காலையில் அஃது இல்லை. ஆயாவைக் கேட்டால் தெரியாது என்கிறார். குழந்தைக்கோ சொல்லத் தெரியவில்லை. இந்நிலையில் பெற்றோர் செய்யத்தக்கன யாவை, செய்யத்தகாதன யாவை என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடைக்கலப் பொருள்

நமது புதுக்கோட்டை மாவட்டம் உழைக்கும் பெண்களின் மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது மிதிவண்டி கற்றுப் புகழ்பெற்றவர்கள் இம்மாவட்டத்துப் பெண்கள். ஆதனக்கோட்டையில் முந்திரி உடைப்போரும், விராலிமலைத் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரும், நடவு வயலில் நிற்போரும், பள்ளி கல்லூரிகளில் பாடம் நடத்துவோரும் மழலையை யாரிடமேனும் ஒப்படைத்தே செல்ல வேண்டியுள்ளது. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் தந்தையர் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். முடிவெடுக்கும் சுமை அங்கே தாயொருத்தியின் தோளில் விழுகிறது.

நடுவண் அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன்வழி வந்த அங்கன்வாடியை நம் மக்கள் இன்றும் பால்வாடி என்றே வழங்குவர். 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்னும் விதியை 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொணர்ந்தது. நகரங்களில் தனியார் காப்பகங்களும் மழலையர் பள்ளிகளும் பெருகியுள்ளன.

இவ்விடங்களில் விடப்படும் குழந்தை யார்? சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்பது பெயர். கோவலன் கொலையுண்ட பின், அடைக்கலத்தைக் காக்கத் தவறினேனே என்று வருந்தித் தீப்புகுந்தாள் மாதரி. நம் இல்லங்களில் இதனை அமானிதம் என்போம். ஒப்படைத்தவர் கேட்கும்போது கணக்குக் கூறும் கடமை ஏற்றவருக்கு உண்டு. ஆகவே காயம் எப்படி வந்தது என்று பெற்றோர் வினவுவது சண்டையும் அன்று, அவமதிப்பும் அன்று. அஃது அடைக்கலம் தந்தவரின் உரிமை.

பருவமும் காயமும்

ஓடியாடும் குழந்தை விழும். முழங்கால், முன்னங்கால் எலும்பு, நெற்றி ஆகிய இடங்களில் கன்றல் தோன்றுதல் இயல்பு. எனினும் எல்லாப் பருவத்திற்கும் இவ்விதி பொருந்தாது.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் சப்பாணி, பதின்மூன்றாம் திங்களில் வருகை என நம் முன்னோர் குழந்தையின் அசைவுகளை நுணுகி நோக்கி வரிசைப்படுத்தினர். இன்றைய குழந்தை மருத்துவமும் காயத்தை இவ்வரிசையோடு சேர்த்தே நோக்குகிறது. அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு 973 குழந்தைகளைப் பரிசோதித்தது. நடக்கத் தொடங்கிய குழந்தைகளுள் பாதிப் பேருக்கு மேல் கன்றல்கள் இருந்தன. ஆறு மாதத்திற்கு உட்பட்ட 366 குழந்தைகளுள் இருவருக்கே இருந்தன. வருகைப் பருவம் எய்திய குழந்தையின் முழங்காற் கன்றல் இயல்பானது. தவழவும் இயலாத குழந்தையின் உடலில் உள்ள சிறு கன்றலோ உடனே மருத்துவரிடம் காட்டத்தக்கது.

காயம் உள்ள இடமும் பேசும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து, கன்னச் சதை, கண்ணிமை, தாடை மூலை ஆகிய இடங்களில் தோன்றும் கன்றல் தற்செயலாக விழுந்து வருவது அரிது. விரல், கயிறு, பல், சூடுபட்ட பொருள் இவற்றின் வடிவம் பதிந்த தடமும் அத்தகையதே.

மறுபுறமும் நோக்குதல் வேண்டும். நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு இடுப்பின் கீழும் பிட்டத்திலும் பிறவியிலேயே நீலநிறத் திட்டு உண்டு. அதனை அடித்த தடமாகக் கொள்வோர் உளர். இரத்தம் உறையாமைக் குறைபாடு உள்ள குழந்தைக்குச் சிறு மோதலும் பெருங்கன்றலாகும். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் ஒருவரையொருவர் கடிப்பதும் உண்டு. கோரைப் பற்களின் தடங்களுக்கிடையே மூன்று செ.மீ.க்கு மேல் இடைவெளி இருப்பின் கடித்தவர் பெரியவர் என மருத்துவர் ஐயுறுவர். கையைப் பிடித்துத் தூக்கினாலே முழங்கை மூட்டுப் பிசகி, குழந்தை கையை அசைக்க மறுத்தலும் உண்டு. அது கொடுமையன்று, தூக்கத் தெரியாமை. ஆனால் கன்றலின் நிறத்தை மட்டும் கொண்டு, இது நேற்றையது, இது முந்தாநாளையது என்று துணிந்து கூறுதல் மருத்துவர்க்கும் இயலாது.

முதல் நாளில் செய்யத்தக்கன

முதற்கடன் மருத்துவம். மீண்டும் மீண்டும் வாந்தி, அளவுக்கு மீறிய உறக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் அல்லது இரத்தம் வடிதல் ஆகியன தலைக் காயத்தின் அபாயக் குறிகள். இவை தோன்றின் ஒரு நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். ஓதிப் பார்த்தலும் கண்ணேறு கழித்தலும் நம் ஊர் வழக்கங்கள். அவற்றால் வரும் மன அமைதியை நாம் மறுக்கவில்லை. மருத்துவருக்குப் பின் அவற்றை வைத்துக் கொள்க என்பதே நம் வேண்டுகோள். கை வீங்கியிருப்பின் எக்ஸ்ரே எடுக்கும் முன் எண்ணெய்க் கட்டுப் போடலாகாது.

அடுத்து, சான்றைக் காத்தல். மஞ்சள் பற்றுப் போடும் முன், பகல் வெளிச்சத்தில், அருகில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்துப் படம் எடுத்துக் கொள்க. இரண்டு நாள் கழித்து மீண்டும் எடுக்க. குழந்தையை விட்ட நேரம், அழைத்த நேரம், அப்போது யார் இருந்தனர், என்ன கூறினர் என்பவற்றை அன்றே எழுதி வைக்க. அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம் ஐயத்தை மறைக்காமல் கூறின் விபத்துப் பதிவேட்டில் அது பதிவாகும்.

2025 ஆகஸ்டில் உத்தரப்பிரதேச மாநிலம் நொய்டாவில், காப்பகத்திலிருந்து வந்த 15 மாதப் பெண் குழந்தையின் தொடைகளில் வட்டத் தடங்கள் காணப்பட்டன. ஒவ்வாமையோ என முதலில் தோன்றிய அவற்றை மனிதர் கடித்த தடங்கள் என மருத்துவர் கண்டறிந்தார். பின்னர்க் கண்காணிப்புக் கேமராவின் பதிவு பணியாளரின் செயலைக் காட்டியது. 2016 நவம்பரில் நவிமும்பையின் கார்கரில் பத்து மாதக் குழந்தையைப் பணிப்பெண் அடித்ததும் எறிந்ததும் கேமராவில் பதிவாகியிருந்தமையால் வெளிவந்தன. இரு நிகழ்ச்சியிலும் குழந்தைகள் பேசும் வயதினர் அல்லர். அவர்களுக்காக மருத்துவமும் பதிவும் பேசின. ஆனால் கேமராப் பதிவு சில நாளிலோ வாரத்திலோ தானே அழிந்துவிடும். ஆதலின் அதனைப் பாதுகாத்து வைக்குமாறு அன்றோ மறுநாளோ எழுத்து வடிவில் கேட்டு, நகலில் கையொப்பம் பெறுதல் வேண்டும்.

வினவும் முறை

பேசத் தெரிந்த குழந்தையிடம் வினவுவதில்தான் பெற்றோர் பெரும்பாலும் தவறுகின்றனர். நன்னூலார் வினாவை அறுவகையாக்கினார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. விடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்பது அறிவினா. அதுவோ இதுவோ எனக் கேட்பது ஐயவினா. “ஆயாதானே அடித்தாங்க?” என்பதில் பெற்றோரின் விடை ஒளிந்திருக்கிறது. “ஆயா அடித்தாங்களா, பக்கத்துப் பிள்ளை அடித்ததா?” என்பது ஐயவினா. குழந்தை இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடும், உண்மை மூன்றாவதாக இருப்பினும். மழலையிடம் கேட்கத்தக்கது அறியாவினா ஒன்றே. “இங்கே என்னம்மா ஆச்சு?” என்று ஒருமுறை கேட்டு, காத்திருந்து, சொன்னதைச் சொன்னபடியே குறித்துக் கொள்க. திரும்பத் திரும்பக் கேட்டால், முதல் விடை பிழை போலும் என எண்ணிக் குழந்தை மாற்றிக் கூறும்.

இது சிறு நுட்பம் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி மீது 1983இல் குற்றச்சாட்டு எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் விடையைத் திணிக்கும் வினாக்கள் கேட்கப்பட்டன. நெடிய விசாரணைக்குப் பின் 1990இல் ஒருவர் மீதும் குற்றம் நிறுவப்படாமல் வழக்கு முடிந்தது. அதற்குள் ஓர் ஆசிரியர் ஏறத்தாழ ஐந்தாண்டு சிறையில் கழித்திருந்தார். எந்தக் குழந்தைக்கேனும் மெய்யாகவே தீங்கு நேர்ந்திருப்பினும், அதனை அறியும் வழியைத் தவறான வினாக்களே அடைத்துவிட்டன.

ஆயாவும் ஒருத்தியின் தாய்

அங்கன்வாடி உதவியாளராகவும் காப்பக ஆயாவாகவும் பணிபுரிவோருள் கைம்பெண்களும் கைவிடப்பட்டோரும் பலர். குறைந்த ஊதியத்தில் பல குழந்தைகளின் சோறும் உறக்கமும் ஈரத்துணியும் அவர் கையில் உள்ளன. ஆராயாமல் எழும் ஒரு பேச்சு அவரது பிழைப்பை ஒரே நாளில் அழித்துவிடும். அவர் எந்தத் தெரு, எந்தச் சமுதாயம் என்று தொடங்கும் கேள்வி விசாரணை ஆகாது. ஆராயாது அளித்த தீர்ப்பால் பாண்டியன் உயிர் துறந்த கதையைக் கற்பிக்கும் நாம் இதனை மறத்தலாகாது. குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்புதலும் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமும் தடுக்கிறது.

ஆயினும் இரக்கம் வேறு, மூடி மறைத்தல் வேறு. எதிர்பாராது விழுந்தது என்றால் அதனைக் கூறிவிடுவதே காப்பகத்தின் கடமை. சிறு கீறலையும் குறிப்பேட்டில் எழுதி, அழைக்க வரும் பெற்றோரிடம் காட்டிக் கையொப்பம் பெறும் வழக்கம் இருப்பின், நேர்மையான பணியாளரை அக்குறிப்பேடே காக்கும். பெற்றோரும் பிறவித் திட்டு, ஒவ்வாமை, வீட்டில் பட்ட அடி ஆகியவற்றைக் காலையிலேயே கூறிவிடல் நன்று.

சட்டமும் ஊர்ப் பெரியோரும்

முறைப்படி கேட்டும் விளக்கம் கிடைக்காவிடின், அல்லது காயம் ஐயத்திற்குரியது என மருத்துவர் கூறின், மேல்நிலையை அணுகுதல் வேண்டும். அங்கன்வாடியாயின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும், பின்னர் மாவட்டத் திட்ட அலுவலரும் உளர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், குழந்தைகள் நலக் குழுவும், காவல் நிலையமும் உள. 1098 என்னும் எண் இரவும் பகலும் இயங்குகிறது. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் உண்டு.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையைக் காக்கும் நிறுவனத்தில் பணிபுரிபவரே அதனைக் கொடுமைப்படுத்தின் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. காயம் மறைவிடத்தில் இருப்பின் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வரும். அச்சட்டப்படி குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். நிறுவனத் தலைவர் மறைப்பின் அதுவே குற்றம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, சீருடை அணியாத அலுவலர், இயன்றவரை பெண் அலுவலர், பதிவு செய்வார். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிப்பார். காவல் நிலையத்திற்குக் குழந்தையை இழுத்துச் செல்ல நேருமே என்று தாய்மார் அஞ்ச வேண்டுவதில்லை.

இங்குச் சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று கூற விரும்புகிறோம். ஊர் மானம் கருதி, “நம்மவர் நடத்தும் பள்ளி, பேசி முடித்துக் கொள்வோம்” என்று பஞ்சாயத்திலோ ஜமாஅத்திலோ சமரசம் செய்யும் வழக்கம் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. கொடுக்கல் வாங்கலுக்கு அது பொருந்தலாம். குழந்தையின் உடல்மீது நிகழ்ந்த கொடுமைக்குப் பொருந்தாது. இன்று மறைக்கப்படும் ஒரு காயம் நாளை அதே கூடத்தில் உறங்கும் வேறொரு குழந்தைக்கு நேரும். கணவர் வெளிநாட்டில் இருக்க, தனித்து வந்து முறையிடும் தாயை, பொறுத்துப் போ என்று திருப்பி அனுப்பாமல், மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் அவளோடு உடன்செல்வதே பெரியோர் அவளுக்குச் செய்யக்கூடிய பேருதவி.

முடிவுரை

குழந்தைகளின் காயங்களுள் ஒரு பகுதி பெரியோரின் கொடுமையால் வருவது என்பதை 1962இல் கெம்ப் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொண்டது. நம்ப மனம் வாராமையே அத்தாமதத்திற்குக் காரணம். பெற்றோரும் இரு எல்லைகளுக்கிடையே நிற்கின்றனர். குழந்தை என்றால் விழத்தானே செய்யும் என்னும் அலட்சியம் ஒன்று. கண்டவுடன் கை நீட்டும் ஆத்திரம் மற்றொன்று. மருத்துவரிடம் காட்டி, குறித்து வைத்து, திணிக்காமல் வினவி, எழுதிக் கேட்டு, வேண்டின் சட்டத்தை நாடுவது இடைப்பட்ட வழி. வழி நெடிதாயினும், குழந்தைக்கும் அதனைத் தூக்கி வளர்க்கும் ஏழைப் பெண்ணுக்கும் ஒருசேர நீதி கிடைப்பது அதனாலேயே. நாளைய பெற்றோராகவும் ஆசிரியராகவும் விளங்கவிருக்கும் நம் மாணவ மாணவியர் இதனை இன்றே அறிந்து வைத்தல் நலம்.