கைக்கு அடங்கிய யந்திரம்

கதவின் கீல் தளர்ந்தால் இறுக்குவதற்கும், அலமாரியில் ஒரு பலகையைக் கூடுதலாகப் பொருத்துவதற்கும், கட்டில் கால்களைக் கழற்றி வேறு அறையில் மறுபடி பூட்டுவதற்கும் தச்சரின் வரவை எதிர்பார்த்து நாட்கணக்கில் காத்திருக்கும் நிலைமை நம் நகரங்களில் சாதாரணமாகிவிட்டது. பெரிய வேலைகளுக்கே ஆள் போதாதபோது, அரை மணி நேரச் சில்லறை வேலைக்கு அவர் வரவில்லையே என்று குறைபட்டுப் பயனில்லை. ஆதலால் இத்தகைய காரியங்களைத் தம் கையாலேயே செய்துகொள்ள முன்வரும் குடும்பங்கள் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயம். அவர்களுக்கு மிகவும் உபயோகமான சாதனங்களுள் ஒன்று, திருகாணிகளை இறுக்கவும் கழற்றவும் உதவும், பேட்டரியில் இயங்கும் இம்பாக்ட் டிரைவர். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்களில் மனத்தைப் பறிகொடுத்து, கனத்த யந்திரத்தை வாங்கி, இரண்டு முறை உபயோகித்தபின் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் பலர். வீட்டுக்கு வேண்டிய யந்திரத்திற்கு லேசான எடையும் அடங்கி நடக்கும் குணமுமே முதல் தகுதிகள். சக்தி அவற்றுக்கு அடுத்தபடிதான்.

இதை விளங்கிக்கொள்ள யந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். மோட்டாரின் சுழற்சி பல்சக்கரங்களின் வழியாக வேகம் குறைந்து வலுக்கூடி, சுருள்வில் தாங்கிய ஒரு சுத்தியலைச் சுற்றுகிறது. அந்தச் சுத்தியல், திருகாணியின் தலையில் பொருந்தும் பிட்டைப் பற்றியிருக்கும் பட்டடையைச் சுற்றுகிறது. திருகாணி தடையின்றி இறங்கும்வரை எல்லாம் சேர்ந்தே சுழல்கின்றன. எதிர்ப்பு மிகுந்து பட்டடை தயங்கும் கணத்தில், வில் அமுங்க, சுத்தியல் பின்வாங்கிப் பிடி விட்டு, வில்லின் விசையால் முன்னே பாய்ந்து, சுழலும் திசையிலேயே பட்டடையை அறைகிறது. பொதுவாகச் சுற்றுக்கு இரண்டு அடிகள். நிமிஷத்துக்குச் சுமார் 3,000 அடிகள் என்றால், வினாடிக்கு 50. முறுக்குவிசை இப்படித் துண்டு துண்டான அடிகளாக வருவதனால், சாதாரண டிரில் இறுகும் சமயத்தில் மணிக்கட்டைத் திருப்பிவிடுகிறதே, அந்தத் தொல்லை இதில் மிகவும் குறைவு. கைவலிமை குறைந்தவர்களும் முதியவர்களும் இதைச் சிரமமின்றிக் கையாளலாம் என்பதே இதன் விசேஷம்.

பழைய தேக்குக் கதவின் கீலில் துருவேறிய ஸ்டார் திருகாணி ஒன்றைக் கழற்றும்போது இந்த விசேஷம் நன்றாகத் தெரியும். தலையின் பள்ளத்தில் உறைந்திருக்கும் பெயின்ட்டை ஓர் ஊசிமுனையால் சுரண்டி எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்து, பள்ளத்தில் ஆடாமல் பொருந்தும் பிட்டை நேராக வைத்து, உடம்பின் பாரத்தோடு அழுத்திக்கொண்டு, யந்திரத்தை இயக்கும் விசையை மெதுவாகத் தொட வேண்டும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு கணம், பிறகு கழற்றும் திசையில். இரண்டொரு அடிகளில் துருத்தூள் உதிர்ந்து, பல வருஷங்களாக அசையாதிருந்த ஆணி வெளியே வரத் தொடங்கும். தலை தேயாமல் ஆணியைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய தொடுகைதான். ஆகவே, விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவே வேகம் கூடும்படியான யந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது. தொட்டவுடன் முழுவேகத்தில் பாய்வது வீட்டுக்கு உதவாது.

பெட்டியின் மேல் காணும் எண்களுக்கு வருவோம். முதலாவது வோல்ட். பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1961-இல் கம்பியில்லா டிரில்லை வெளியிட்டது. அக்காலத்து நிக்கல்-காட்மியம் செல் ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ட், ஆகவே 12 வோல்ட் வேண்டுமானால் பத்துச் செல்களைச் சுமக்க வேண்டும். 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயான் செல்லோ 3.6 வோல்ட் தருவதால், மூன்றே செல்கள் போதும். இன்றைய யந்திரங்கள் லேசாக இருப்பதற்கு இதுவே பெருங்காரணம். மூன்று செல்களின் மொத்தம் 10.8 வோல்ட், முழுச் சார்ஜில் அது 12-ஐத் தாண்டும் என்பதால் 12 வோல்ட் என்று விற்கிறார்கள். அதேபோல் ஐந்து செல் பேட்டரியை ஒருவர் 18 என்பார், ஒருவர் 20 என்பார், மற்றொருவர் 21 என்பார், மூன்றும் ஒன்றே. பெயர் தெரியாத மலிவுச் சரக்குகளில் இவற்றையும் மிஞ்சிய எண்கள் அச்சாகியிருந்தால், உள்ளே எத்தனை செல்கள் என்று கேளுங்கள், உண்மை விளங்கிவிடும்.

அடுத்தது முறுக்குவிசை. 12 வோல்ட் வகையில் நல்ல யந்திரங்கள் 100 நியூட்டன் மீட்டர் அளவைத் தருகின்றன. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு இது. கையால் திருப்புளியைத் திருகி நாம் தரக்கூடியது இதில் சிறு பகுதிதான். ஆகவே கீல், தாழ்ப்பாள், பலகை, கட்டில் ஆகிய வீட்டு வேலைகளுக்கு 12 வோல்ட் யந்திரம் தாராளமாகப் போதும். பேட்டரியோடு சேர்ந்து சுமார் ஒரு கிலோ எடையுள்ள அதை, ஏணிமேல் நின்று ஒரு கையால் தலைக்கு மேலே பிடிக்கலாம், மூலைமுடுக்கிலும் நுழைக்கலாம். நீண்ட ஆணிகளை நூற்றுக்கணக்கில் இறக்கும் தச்சுத் தொழிலாளிக்குத்தான் 18 வோல்ட் அவசியமாகிறது.

இந்த யந்திரத்தால் ஆகாத காரியங்களையும் சொல்லிவிடுவது கடமை. செங்கல் சுவரிலும் கான்கிரீட்டிலும் துளையிட இது பயன்படாது. இதன் அடி சுழலும் திசையில் விழுகிறதேயன்றி முன்னோக்கி விழுவதில்லை. சுவருக்கு ஹாமர் டிரில்தான் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பான்மை வேலை சுவரைச் சார்ந்ததாகையால், ஹாமர் டிரில் இல்லாதவர் முதலில் அதை வாங்குவதே விவேகம். காரின் சக்கர நட்டுகளுக்குச் சதுர முனையுள்ள இம்பாக்ட் ரெஞ்ச் தனியாக உண்டு. ஸ்விட்ச் பெட்டியின் சின்னஞ்சிறு ஆணிகளுக்கும், பிளாஸ்டிக்கில் இறுக்குவதற்கும் கைத்திருப்புளியே உத்தமம். போதுமான அளவில் தானாக நின்றுவிடும் கிளட்ச் இந்த யந்திரத்தில் பொதுவாகக் கிடையாது.

விலையில் கணிசமான பகுதி பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போகிறது. ஆதலால் யந்திரத்தின் விலையை விசாரிக்கும்போதே, தனிப் பேட்டரியின் விலை என்ன, அது நம் ஊரில் கிடைக்குமா, அதே பேட்டரியில் டிரில் முதலிய பிற சாதனங்களும் இயங்குமா, பழுதுபார்க்கும் நிலையம் பக்கத்தில் உள்ளதா என்பவற்றையும் விசாரிக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் யந்திரம் மட்டும் விற்பதைக் கண்டு மலிவென்று எண்ணிவிடலாகாது. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழித்து நீண்டகாலம் உழைக்கும் என்பது மெய். ஆயினும் மாதத்துக்கு ஓரிரு முறை எடுக்கும் குடும்பத்துக்குப் பிரஷ் உள்ள மோட்டாரே போதுமானது. அதில் மிச்சமாகும் பணத்தை இரண்டாவது பேட்டரிக்கும் நல்ல பிட்டுகளுக்கும் செலவிடுவது புத்திசாலித்தனம். கால் அங்குல அறுகோணத் தண்டுள்ள, இம்பாக்ட் வேலைக்கென்றே செய்யப்பட்ட பிட்டுகளை வாங்க வேண்டும். சாதாரணப் பிட்டுகள் அடி தாங்காமல் முறிவதுண்டு. மரத்தில் இறக்கும் ஸ்டார் திருகாணிகளில் பெரும்பாலானவற்றுக்கு பி.எச்.2 என்னும் பிட் அளவு பொருந்தும்.

இதன் ஓசை செவிக்குத் தீங்கு செய்யுமளவு பலமானது; காதுக்கு அடைப்பானும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணியாமல் இயக்கக் கூடாது. நம் தேசத்து வெயிலில் லித்தியம் பேட்டரியைக் காருக்குள்ளும் மொட்டைமாடி அறையிலும் வைத்தால் அதன் ஆயுள் குன்றும். வேலை முடிந்து சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாமல், ஆறவிட்டுப் போடுவதே முறை.

கடைக்குச் செல்லும்போது, பேட்டரியைப் பொருத்தித் தரச் சொல்லி, யந்திரத்தைத் தலைக்கு மேல் ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். விசையை மெதுவாக அழுத்தி, அது மெதுவாகவே சுழல்கிறதா என்று கவனியுங்கள். ஒரு மரத்துண்டில் திருகாணி ஒன்றை இறக்கிக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள். இந்தச் சோதனைகளில் தேறி, பேட்டரியும் பழுதுபார்ப்பும் உள்ளூரில் கிடைக்கும் நிறுவனத்தின் 12 வோல்ட் யந்திரமே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது. அதற்கு மேல் செலவிடத் தேவையில்லை.