சிறிய வீட்டிலும் சந்நிதி உண்டு

வீட்டைப் பெரிதாக்கிக்கொள்வதையே வாழ்வின் ஏற்றமாகக் கருதி வளர்ந்த தலைமுறை நம்முடையது. பொதுக் கிணறும் பொது முற்றமும் கொண்ட ஒண்டுக்குடித்தனங்களில் பிறந்தோம். வேலை கிடைத்தபின் ஓர் அறை, பிள்ளைகள் பிறந்தபின் இரண்டு அறை, மகனுக்குத் திருமணமானபின் மூன்று அறை என்று ஏறி வந்தோம். ஆகவே, ‘வாடகை கட்டுப்படியாகவில்லை, இதைவிடச் சிறிய வீட்டுக்குப் போகலாம்’ என்ற பேச்சு எழும்போது, ஏறிய படிகளில் திரும்ப இறங்குவது போன்ற கலக்கம் நமக்கு உண்டாகிறது. ‘இந்த வயதிலா?’ என்று மனம் கேட்கிறது. ‘உறவினர் என்ன நினைப்பர்?’ என்று தயங்குகிறது. ‘பூஜை அறை இல்லாத வீட்டில் சுவாமியை எங்கே எழுந்தருளச் செய்வது?’ என்ற கேள்வி, கோயிலும் வழிபாடுமாக வாழும் குடும்பங்களில் எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

இடைகழியில் நெருங்கி நின்றவர்

தென்பெண்ணை நதிக்கரையில் உள்ள திருக்கோவலூர்த் திருத்தலத்தின் பெருமையை அடியார்கள் அறிவர். மழை பெய்த ஓர் இருண்ட இரவில், மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். அது ஒருவர் படுக்கக்கூடிய இடம். அடுத்துப் பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் அமர்ந்தனர். பிறகு பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றனர். வந்தவரைப் பார்த்து ‘இடமில்லை’ என்று முன்னவர் கூறவில்லை. படுத்தவர் எழுந்து அமர்ந்தார். அமர்ந்தவர்கள் எழுந்து நின்றனர். அவ்வாறு அவர்கள் இடம் கொடுத்து நின்ற நெருக்கத்தினுள்ளே நான்காமவராக எம்பெருமான் வந்து புகுந்தார். முதல் மூன்று திருவந்தாதிகளும் அந்த இடைகழியில்தான் பிறந்தன. உலகளந்த பெருமாள் நெருங்கி நிற்பதற்கு ஓர் இடைகழி போதுமானதாக இருந்தது.

சைவ நெறியிலும் இதே பாடம் உண்டு. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடம் கோயில் கட்டப் பொருள் இல்லை. மனத்திலேயே நாள் குறித்து, கல் அடுக்கி, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கும் நாள் வைத்தார். அதே நாளில் காஞ்சியில் தாம் எழுப்பிய கற்றளிக்குக் குடமுழுக்கு நிகழ்த்த இருந்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, பூசலாரின் ஆலயத்துக்குச் செல்ல இருப்பதால் அந்நாளை ஒத்திவைக்குமாறு கூறியதைப் பெரியபுராணம் உரைக்கிறது. சதுர அடியைக் கொண்டு இறைவன் வீட்டை அளப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முதலில் பேச வேண்டியவர் யார்?

வாழ்வின் நான்கு நிலைகளில் மூன்றாவதாக வானப்பிரஸ்தத்தை வைத்தனர் பெரியோர். பிள்ளைகள் தலையெடுத்தபின், மூத்தவர்கள் பெரிய இல்லத்தை விட்டுச் சிறிய குடிலுக்குச் செல்வதே அதன் வடிவம். இன்று நமக்குக் காடும் இல்லை, பர்ணசாலையும் இல்லை. ஆயினும் தேவைகளைச் சுருக்கிக்கொள்ளும் அந்த மனநிலை நமக்கு விதிக்கப்பட்டதே. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் வகுத்த ஐந்து யமங்களுள் ஒன்றான அபரிக்கிரகம், வேண்டாதவற்றைச் சேர்த்து வைக்காமையையே குறிக்கிறது.

ஆகவே, சிறிய வீட்டுக்கு மாறும் பேச்சை இல்லத்தின் மூத்தவரே முதலில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெற்றோரின் மனம் நோகுமே என்று பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. மாமியார், மாமனாரின் அறையைக் குறைக்கச் சொன்னதாகப் பெயர் வந்துவிடும் என்று மருமகள் பேசுவதில்லை. எல்லோரும் மௌனமாக இருக்க, வாடகை மட்டும் மாதந்தோறும் முதல் தேதியில் தவறாமல் வந்து நிற்கிறது.

எங்கள் இல்லத்திலும் அதுதான் நிகழ்ந்தது. மயிலாப்பூரில் மூன்று படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் மகனும் மருமகளும் பேத்தியும் வசித்தோம். மகன் பணிபுரிந்த நிறுவனத்தில் ஊதியம் குறைக்கப்பட்டது. பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் வேளையும் நெருங்கியது. மகன் தன் வைப்புத்தொகையொன்றை முதிர்வுக்கு முன்பே முறித்து வாடகை செலுத்தியதை அறிந்தேன். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவனுக்கு அதன் பொருள் விளங்காமல் போகுமா? அன்றிரவு உணவுக்குப்பின் அனைவரையும் அமரச் செய்து, ‘நாம் சிறிய வீட்டுக்குப் போகிறோம். எங்களுக்கு இதில் வருத்தம் ஏதும் இல்லை’ என்றேன். மருமகளின் கண்கள் கலங்கின. மகன் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பிறகு, ‘எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன், அப்பா’ என்றான்.

கணக்கும் பார்க்க வேண்டும்

மனம் இசைந்தால் மட்டும் போதாது. கணக்கும் இசைய வேண்டும். பழைய வீட்டின் வாடகை 38,000 ரூபாய். இரண்டு படுக்கையறை கொண்ட புதிய வீட்டுக்கு 24,000. மாதத்துக்கு 14,000 ரூபாய் மிச்சம், ஆண்டுக்கு 1,68,000.

ஆனால் மாறுவதற்கே செலவு உண்டு. தரகருக்கு ஒரு மாத வாடகையாக 24,000. லாரிக்கும் ஆட்களுக்கும் 14,000. பழைய வீட்டுக்காரர் வண்ணம் பூசுவதற்கென்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டது 38,000. மின்விசிறி மாட்டுதல், தச்சு வேலை, பால் காய்ச்சும் நாளின் செலவு எல்லாம் சேர்த்து 8,000. ஆக மொத்தம் 84,000 ரூபாய். மாத மிச்சமான 14,000-ஆல் வகுத்தால் ஆறு மாதம். ஏழாம் மாதத்திலிருந்துதான் உண்மையான ஆதாயம் தொடங்குகிறது.

இந்த வகுத்தல் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் போட்டுப் பார்க்க வேண்டும். வாடகை வேறுபாடு 4,000 ரூபாய் மட்டுமே என்றால், இதே செலவை ஈடுகட்ட 21 மாதங்கள் ஆகும். வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம் அதற்குள் முடிந்து, வாடகையும் உயர்ந்துவிடக்கூடும். அத்தகைய மாற்றத்தால் அலைச்சலே மிஞ்சும்.

மேலும் ஒன்று. புதிய வீட்டின் முன்பணத்தை முதலில் செலுத்த வேண்டும். பழைய முன்பணம் வீட்டைக் காலி செய்தபிறகே திரும்பி வரும். இடைப்பட்ட நாட்களுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்வது அவசியம். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. இதை எடுத்துக்காட்டிப் பணிவுடன் பேசினால் பலன் உண்டு.

சுவாமிக்கு முதல் இடம்

புதிய வீட்டில் தனிப் பூஜை அறை இல்லை. ஆகவே சாமான்களை இறக்குவதற்கு முன்பே, கூடத்தின் வடகிழக்கு மூலையைச் சுவாமிக்கென்று ஒதுக்கினோம். கதவு வைத்த மர அலமாரி ஒன்றைச் செய்து அங்கே பொருத்தினோம். பிறருடைய நடமாட்டம் படாமலும், குளியலறைச் சுவரை ஒட்டாமலும் பார்த்துக்கொண்டோம். சோபா, தொலைக்காட்சி ஆகியவற்றின் இடங்கள் எல்லாம் அதன் பிறகுதான் முடிவாயின. பூஜைக்கு மிஞ்சிய இடத்தைத் தருவதென்றால்தான் சிறிய வீட்டில் நெருக்கடி. பூஜைக்குப் போக மிஞ்சியதில் நாம் வாழ்வதென்றால் எல்லாம் அடங்கிவிடுகிறது.

பழைய பூஜை அறையில் இருந்த படங்களை எண்ணினால் முப்பத்தேழு! பரிசாக வந்தவை, யாத்திரையில் வாங்கியவை, நாட்காட்டியிலிருந்து எடுத்துச் சட்டமிட்டவை எனப் பலவகை. குலதெய்வம், இஷ்ட தெய்வம், விநாயகர், மகாலட்சுமி, குருநாதர் படங்களும் பரம்பரையாக வந்த குத்துவிளக்கும் எங்களுடன் வந்தன. நல்ல நிலையில் இருந்த மற்றப் படங்களை, விரும்பிக் கேட்ட உறவினர் இல்லங்களுக்கு அளித்தோம். கண்ணாடி உடைந்து மங்கியவற்றைச் சட்டம் நீக்கி, படத்தாளை மட்டும் தூய நீரில் ஊறவைத்துக் கரைத்து, செடிகளுக்கு அடியில் சேர்த்தோம். அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவதைப் பலர் வழக்கமாகக் கொண்டுள்ளனர். நேற்றுவரை தீபம் காட்டிய திருவுருவம் மழையிலும் புழுதியிலும் கிடப்பது நாம் செய்யும் மரியாதை ஆகுமா?

சாளக்கிராமம் முதலியவற்றுக்கு நித்திய நிவேதனம் வேண்டும். அதைத் தொடர இயலாத குடும்பத்தினர், பூஜை தடையின்றி நடக்கும் உறவினர் இல்லத்துக்கோ மடத்துக்கோ முறைப்படி கேட்டு ஒப்படைப்பது நலம்.

தவலையும் பொம்மைகளும்

பாத்திரங்களை விட்டுப் பிரிவதே மிகவும் கடினமாக இருந்தது. என் தாயார் தம் திருமணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த வெண்கலத் தவலை ஒன்று பரண்மேல் இருந்தது. கடைசியாக அது அடுப்பேறியது எந்த ஆண்டு என்பதே எங்களுக்கு நினைவில்லை. என் மனைவி அதைப் புளியிட்டுத் துலக்கி, ஒரு நாள் முழுவதும் கூடத்தில் வைத்திருந்தார். மறுநாள் அவரே, ‘இதைப் பழைய விலைக்குப் போட வேண்டாம், நைவேத்தியம் வேகும் இடத்துக்குப் போகட்டும்’ என்றார். எங்கள் சொந்த ஊர்க் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டு, மடைப்பள்ளிக்கு அளித்து, ரசீதும் பெற்றோம். அடுத்த முறை தரிசனத்துக்குச் சென்றபோது, அந்தத் தவலையில் பொங்கல் இறக்கியிருந்தனர். பிரசாதத்தைக் கையில் வாங்கிய என் மனைவி, ‘இத்தனை வருடம் பரணில் வைத்திருந்தோமே!’ என்றார்.

நவராத்திரிக் கொலுவும் அவ்வாறே. ஒன்பது படி வைத்த இடத்தில் இன்று மூன்று படி. மரப்பாச்சி, கலசம், தசாவதாரம் ஆகியவை கட்டாயம். மற்றவற்றை ஆண்டுக்கு ஒரு தொகுதியாகப் பேத்தி தேர்ந்தெடுத்து அடுக்குகிறாள். திதி நாட்களில் இடநெருக்கடி ஏற்படுமே என்ற கவலையும் இருந்தது. சிராத்தம் நடத்துவதற்கென்றே மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் இடங்கள் இருப்பதால், அதுவும் குறைவின்றி நடக்கிறது.

ஆலயமே நம் கூடம்

குறைந்த வாடகையை நாடிப் புறநகருக்குச் செல்லலாம் என்று தரகர் யோசனை கூறினார். நாங்கள் மறுத்தோம். கபாலீசுவரர் ஆலயம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மருத்துவரும் அருகில் இருக்கிறார். தொலைவுக்குச் சென்றால் வாடகையில் மிஞ்சுவதை ஆட்டோவுக்குக் கொடுக்க நேரும். நாளடைவில் தரிசனமும் குறையும். முதியவர்கள் அறையின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். ஆலயத்துக்கும் தமக்கும் உள்ள தூரத்தைக் கூட்டிக்கொள்ளலாகாது.

இப்போது மாலை ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் ஆலயத்துக்குப் புறப்படுகிறோம். புன்னை மரத்தடியில் அன்னையைத் தொழுது, பிராகாரத்தில் அமர்ந்து, சாயரட்சை கண்டு ஏழு மணிக்குத் திரும்புகிறோம். அந்த இரண்டு மணி நேரம் வீடு இளையவர்களுக்கு. பேத்தி அமைதியாகப் படிக்கிறாள். விடியற்காலையில் சுப்ரபாதத்தை உரக்க ஒலிக்கவிடுவதையும் நிறுத்திவிட்டோம். பாராயணத்தை மெல்லிய குரலில் செய்கிறோம். படுத்தவர் எழுந்து அமர்ந்து இடம் கொடுத்தது போன்றதுதான் இதுவும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

இடத்தை விட்டுக்கொடுப்பது வேறு; பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது வேறு. வங்கி மேசைக்கு எதிரே கண்கலங்கி நின்ற முதியவர்கள் பலரைக் கண்ட அனுபவத்தில் இதைக் கூறுகிறேன். திரும்பி வரும் முன்பணத்தின் உபரியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றில் தங்கள் பெயரிலேயே முதலீடு செய்யுங்கள். நியமனதாரர் பெயரைத் தவறாமல் பதியுங்கள். மருத்துவத்துக்கென வைத்துள்ள தொகையைத் தொடாதீர்கள். மின்தூக்கி இல்லாத மாடி வீடு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். வழுக்காத குளியலறையும், இரவில் எழுந்து செல்ல எளிதான படுக்கை இடமும் நம் உரிமை. அவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

குடிபுகுந்ததும் ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் பெறுவோர் நவம்பர் மாத வாழ்நாள் சான்றிதழை நினைவில் கொள்ளுங்கள்.

ஆடியும் மார்கழியும் குடிபுக வழக்கத்தில் இல்லை. நல்ல நாளும் வேளையும் பார்த்து, நிறைகுடம், விளக்கு, மஞ்சள், உப்பு, சுவாமி படம் ஆகியவற்றுடன் முதலில் உள்ளே செல்லுங்கள். பால் பொங்கட்டும். அலமாரியின் முன் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து நிற்க இடம் போதவில்லையென்றால் சற்றே நெருங்கி நில்லுங்கள். அந்த நெருக்கத்தை நாடி வருபவன் எம்பெருமான். அவன் அருளால் கடன் இல்லாத வாழ்வும், கலக்கமில்லாத முதுமையும், பிள்ளைகளின் மனநிறைவும் எல்லா இல்லங்களிலும் நிலைக்கட்டும்.