அணை போனது, மீன் வந்தது

ஆற்றில் மீன் குறைந்தால் கடலில் திமிங்கிலம் பட்டினி கிடக்குமா? கிடக்கிறது!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தையும் கனடாவையும் ஒட்டிய கடலில் ஓர்கா என்னும் திமிங்கிலங்களின் ஒரு கூட்டம் வாழ்கிறது. மொத்தமே 75-ஐ ஒட்டித்தான். 2005-இல் அமெரிக்கா இவற்றை அழியும் தறுவாயில் உள்ளவையாக அறிவித்தது. வேறு சில ஓர்காக்கள் கடல்நாய்களை வேட்டையாடும். இவற்றுக்கோ மீன்தான் உணவு, அதிலும் முக்கியமாகச் சினூக் என்னும் பெரிய சால்மன். ஒலியெழுப்பி, மீனின் காற்றுப்பையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்தே இரையைத் தேடிப் பிடிக்கும்.

சினூக் பிறப்பது ஆற்றில். கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடப் பெரும்பாலும் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். பெண் மீன் வாலால் சரளைக் கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிடும். நடுவே அணை நின்றால்? வாஷிங்டனின் எல்வா ஆற்றில் அதுதான் நடந்தது. 1913-இல் எழுந்த அணைக்குக் கீழே சுமார் 8 கிலோமீட்டர் ஆறுதான் மீனுக்கு மிஞ்சியது.

ஆற்றங்கரையில் வாழும் கிளாலம் பழங்குடியினர் அணையை அகற்றும்படி விடாமல் குரல் கொடுத்தார்கள். 2011-இல் தொடங்கி 2014-க்குள் அந்த அணையும் எல்வாவின் இன்னோர் அணையும் அகற்றப்பட்டன. சினூக் மேலே ஏறத் தொடங்கியது. 2024-க்குள் அமெரிக்காவின் கிளாமத் ஆற்றிலும் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. அந்த ஆண்டே அங்கும் சினூக் வந்துவிட்டது.

ஆனாலும் ஓர்காக்களுக்கு வயிறார இரை கிடைக்க, இன்னும் பல ஆறுகளில் வழி திறக்க வேண்டும்.