இரு கண்களுக்கு ஒரு கருவி

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது கடினம்; இரு கண்களும் திறந்திருந்தால் எளிது. மனிதரின் கண்கள் ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளியில் அமைந்துள்ளமையால், ஒவ்வொரு கண்ணும் பொருளைச் சற்றே வேறு கோணத்தில் காண்கிறது. அவ்விரு காட்சிகளையும் மூளை இணைக்கும்போது ஆழம் புலப்படுகிறது. இதனை 1838ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். செங்கோணத்தில் நிறுத்திய இரண்டு ஆடிகளின் வழியே, இடக்கண் ஒரு படத்தையும் வலக்கண் மற்றொரு படத்தையும் காணுமாறு அவர் ஒரு கருவி அமைத்தார். (ஈண்டு ஆடி என்பது முகம் பார்க்கும் கண்ணாடி, மாதப்பெயர் அன்று.) ஒளிப்படக்கலையை உலகம் இன்னும் அறியாத காலமாதலால், அவர் பயன்படுத்தியவை கையால் வரைந்த படங்களே.

படம் காண உதவிய ஆடி, பின்னர்ப் படம் எடுக்கவும் உதவியது. ஒரே கேமராவின் முன் நான்கு சமதள ஆடிகள் பொருத்தப்படுகின்றன. வெளிப்புற ஆடிகள் இரண்டும் இடப்பக்கக் காட்சியையும் வலப்பக்கக் காட்சியையும் பெற்று, நடுவில் ஆப்பு வடிவில் நிற்கும் உள் ஆடிகளுக்கு அனுப்புகின்றன. அவை அக்காட்சிகளை லென்சினுள் செலுத்துகின்றன. இருமுறை எதிரொளிப்பதால் இடவலம் மாறுவதில்லை. ஒரே படத்தின் இரு பாதிகளில் இரு காட்சிகளும் ஒரே நொடியில் பதிகின்றன; ஆகவே பறக்கும் பறவையும் பிசகாது. படத்தின் அகலம் பாதியாகக் குறைவதும், நடுக்கோடு மங்குவதும் இதற்குத் தரும் விலையாகும்.

இம்முறையில் அரிய பணி, படம் எடுப்பதன்று. எடுத்த இரு பாதிகளையும் நேர்ப்படுத்துவதே. நிற்கும் ஆடியை இடமோ வலமோ 1° திருப்பினால் எதிரொளித்த கதிர் 2° திரும்பும். அது மேலோ கீழோ சாய்ந்தாலும், படத்தில் விளையும் பிழை அச்சாய்வினும் பெரிதாகவே தோன்றும். அருகிலுள்ள பொருளை நோக்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புவது இயல்பு. ஆனால் ஒரு கண் மேலும் மற்றொன்று கீழுமாக நோக்குதல் கண்களுக்குப் பெரிதும் அரிது. எனவே உயர வேறுபாடு சிறிதாயினும் கண் களைக்கும், தலை வலிக்கும், படமும் இரண்டாகப் பிரிந்து தோன்றும்.

திருத்துவோர் முதலில் இரு பாதிகளிலும் தெரியும் ஒரே புள்ளியை, எடுத்துக்காட்டாகச் சன்னலின் ஒரு மூலையை, தேர்வர். அது இடப்படத்தில் 400ஆம் வரிசையிலும் வலப்படத்தில் 412ஆம் வரிசையிலும் இருப்பின், வலப்படத்தை 12 வரிசை உயர்த்த வேண்டும். ஆயினும் ஒரு புள்ளியோடு நிறுத்துவது தவறு. படத்தின் மறுமுனையில் வேறுபாடு 4 மட்டுமே எனில், படம் சாய்ந்துள்ளது. உயர்த்தினால் போதாது, சற்றே சுழற்றவும் வேண்டும். ஆடிகள் மிகுதியாக உள்நோக்கித் திரும்பியிருந்தால், ஒரு படத்தின் இடவிளிம்பும் மற்றதன் வலவிளிம்பும் நீண்டு, செவ்வகமான சுவர் சரிவகமாகத் தெரியும். அதனையும் கணினியில் நேராக்கலாம்.

கிடைமட்ட வேறுபாட்டை மட்டும் அழித்தல் கூடாது. அருகிலுள்ள பொருள் மிகுதியாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் இடம்பெயர்ந்து தோன்றும் அவ்வேறுபாடே ஆழத்தைத் தருவது. ஒரு படம் முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்தி, மிக அருகிலுள்ள பொருள் சட்டத்திற்குச் சற்றுப் பின்னே நிற்குமாறு அமைப்பர். பின்னர் இரண்டிற்கும் பொதுவாக இல்லாத ஓரங்களை வெட்டி நீக்குவர்.